முன் சீட்டில் ஒரு ஆடிட்டர்

பி.காம். படித்தவனால் சொந்தக்காரர்களுக்கு இரண்டே இரண்டு உபயோகங்கள்தான். ஒன்று, கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார வைப்பார்கள். இரண்டு, கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். மொய் நோட்டில் இதுவரை எனக்கு ஒரு ரூபாய்கூட இடித்ததில்லை. மாட்டிக்கொண்டது இரண்டாவதில்தான்.

போன மாதம் குரோம்பேட்டையில் என் வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபால் ஒன்று வந்தது. ஏதாவது பத்திரிகையிலிருந்து சன்மானமாக இருக்குமோ என்று ஆசையாகப் பிரித்தேன். 'தாங்கள் ஜாமீன் அளித்துள்ள வாகனக் கடனில் இரண்டு தவணைகள் செலுத்தப்படவில்லை' என்று ஆரம்பித்து, முடியும்போது 'தங்கள் மீது' என்று ஏதோ வந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை. கண் இருட்டியது.

என் மனைவி முழுதாகப் படித்தாள்.

"ஆறரை லட்சத்துக்கா கையெழுத்துப் போட்டீங்க? உங்க கையெழுத்துக்கு அவ்ளோ மதிப்பு இருக்குன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே!"

கடன் வாங்கியது என் பெரியப்பா மகன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கம் எங்கள் ஊர். (சென்னையில் யார் கேட்டாலும் காஞ்சிபுரம் என்றே சொல்லிவிடுவேன். முசரவாக்கம் என்றால் 'எங்க இருக்கு?' என்பார்கள். காஞ்சிபுரம் என்றால் 'அடக்க விலைக்குப் புடவை கிடைக்குமா?' என்பார்கள். இரண்டில் எது தொல்லை கம்மி என்று இன்னும் முடிவாகவில்லை.) பெரியப்பா வீட்டில் குழித்தறி. அண்ணன் அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போதே பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளியவன். கோர்வைப் புடவை என்றால் உடம்பு ஒரு கலர், கரை வேறு கலர். இரண்டையும் தறியிலேயே கோர்த்துக்கொண்டு போக வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒரு ஆளால் ஆகாது. அந்த இரண்டாவது ஆள்தான் அண்ணன்.

எட்டு மாதம் முன்னால் ஒரு நாள் தறியை விட்டு எழுந்தவன், "இனிமே இந்தக் குழியில கால் வெக்க மாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். பெரியம்மாவின் வளையலை வைத்து முன்பணம், மீதிக்குக் கடன், கடனுக்கு அடியேன். வெள்ளைக் கலரில் டிசையர் வந்தது. மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து. மொத்தம் 7,60,000 ரூபாய். குழியில் மிதியை மிதித்த கால், க்ளட்ச்சை மிதிக்கப் போனது.

தபாலைப் படித்த கையோடு அவனுக்குப் போன் போட்டேன். சத்தம் போடுவதாகத்தான் திட்டம். அவன் முந்திக்கொண்டான்.

"நீ கணக்குப் படிச்சவன்தானே? நாளைக்குக் காலையில நாலரை மணிக்குப் பல்லாவரம் சிக்னலுக்கு வா. நாள் பூரா கூட உக்காரு. எங்க போகுது காசுன்னு நீயே கண்டுபிடிச்சு எனக்கும் சொல்லு."

போனேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

வண்டிக்குள் சீட்டைப் படுக்க வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாரத்தில் ஆறு நாள் அதுதான் படுக்கையறை. குளிப்பது கட்டணக் கழிப்பறையில். டிக்கியில் ஒரு பக்கெட், இரண்டு சட்டை, மீதி இடம் முழுக்க சி.என்.ஜி. சிலிண்டர். முகம் கழுவிவிட்டு வந்தவன் இரண்டு சட்டம் போட்டான்.

"லேடீஸ் தனியா ஏறினா நீ இறங்கிடணும். முன்னாடி தெரியாத ஆம்பளை உக்காந்திருந்தா அவங்களுக்குப் பயமா இருக்கும். ரெண்டாவது, யாராவது கேட்டா நீ டிரெயினிங் டிரைவர்."

எனக்கு சைக்கிளே சரியாக வராது என்பது வேறு விஷயம்.

நாலே முக்காலுக்குப் போன் கூவியது. வேளச்சேரியிலிருந்து சென்ட்ரல். அண்ணன் உடனே அந்த சாருக்குப் போன் செய்து கேட்டான்: "கேஷா சார், ஆன்லைனா?"

வாடகைக் காரில் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டு எரிச்சல்பட்டவன் நான். 'உனக்கென்னய்யா, காசு வந்தால் சரிதானே' என்று தோன்றும். அண்ணனிடம் கேட்டேன்.

"ஆன்லைன்னா அவங்க கணக்குக்குப் போயி, கமிஷன் கழிச்சு, அப்புறமா வரும். கேஷ்னா இப்பவே கையில. பத்து மணிக்கு கேஸ் போடணும்ல? அதுக்கு எவன் குடுப்பான், நீயா?"

ஒர்க்கிங் கேபிடல் என்று காலேஜில் இதை நூறு பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். நான் சாய்ஸில் விட்ட பாடம்.

வேளச்சேரியில் ஏறியது வயதான தம்பதி. ஏறியவுடன் அண்ணன், "சார், ஓ.டி.பி. சொல்லுங்க" என்றான். பெரியவர் போனை இறுக்கமாக மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதேன்னு பேங்க்ல தினம் மெசேஜ் அனுப்பறான். முன்னே பின்னே தெரியாத உங்கிட்ட நான் ஏன் சொல்லணும்?"

"சார், அது வேற ஓ.டி.பி. இதைச் சொன்னாத்தான் வண்டி நகரும்."

"அப்படித்தான் எல்லாத் திருடனும் சொல்றான்!"

ரயிலுக்கு ஐம்பது நிமிஷம்தான் இருந்தது. கடைசியில் அந்த அம்மாள் போனைப் பிடுங்கி நாலு நம்பரையும் படித்தார். பெரியவர் சிந்தாதிரிப்பேட்டை தாண்டும் வரை பேங்க் பேலன்ஸைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது முகம் தெளிந்து, அண்ணன் தோளைத் தட்டி, "தப்பா நினைச்சுக்காதப்பா" என்று பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார். நோட்டில் 'இதர வருமானம்' என்று குறித்தேன்.

சென்ட்ரலிலிருந்து அண்ணா நகர். மூன்று பெரிய பெட்டியுடன் ஒரு குடும்பம். டிக்கியைத் திறந்ததும் உள்ளே சிலிண்டர். "இதை முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்று கத்தினார் குடும்பத் தலைவர். எப்போது, யாரிடம் சொல்வது? ஒரு பெட்டி பின்னால், ஒரு பெட்டி அவர்கள் காலடியில், மூன்றாவது என் மடியில். அண்ணா நகர் ரவுண்டானா வரை எனக்கு ரோடே தெரியவில்லை. இறங்கியவுடன் அவர் போனில் ஏதோ தட்டினார். அண்ணன் முகம் சுருங்கியது.

"மூணு ஸ்டார் குடுத்துட்டான்டா."

"போனா போகுது. உன் ரேட்டிங் எவ்ளோ?"

"4.71."

நூற்றுக்கு 94. நான் பி.காம். பாஸ் செய்தது 58-ல். அதற்கே எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தோம். இவனுக்கு 94 வாங்கியும் 'கவனம்' என்று எச்சரிக்கை மெசேஜ் வருகிறது.

பத்து மணிக்கு கேஸ் பங்க்கில் நாற்பது நிமிஷம் வரிசை. அப்புறம் ஒரு பெண் தனியாக புக் செய்ய, சட்டப்படி நான் கத்திப்பாரா பாலத்துக்குக் கீழே இறக்கி விடப்பட்டேன். 2008-ல் அந்தப் பாலம் திறந்தபோது அதன் குளோவர் இலை வடிவத்தைப் பார்க்கவே ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவன் நான். அடியில் ஒன்றரை மணி நேரம் நிற்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

நின்றது வீண் போகவில்லை. டீக்கடையில் நாலைந்து டிரைவர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், செய்யாறு. ஒருவர் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒருவர் மணிலாக்கொட்டை பயிர் செய்தவர். வியாபாரம், விவசாயம், வேலை என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஆள் ஸ்டியரிங்குக்கு வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் அம்பாசடர் ஓட்டியவர். அந்தக் கார் தயாரிப்பு 2014-ல் நின்றது. பம்பாயில் கறுப்பும் மஞ்சளுமாய் ஓடிய பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரோடு முடிந்தது. அதையெல்லாம் வீட்டு விசேஷம் மாதிரி தேதியோடு சொன்னார். "ஆட்டோக்காரங்களுக்காவது 1995-ல ரஜினி 'பாட்ஷா' குடுத்தாரு. ஆயுத பூஜைக்குப் போட அவங்களுக்குப் பாட்டு இருக்கு. நமக்கு என்ன இருக்கு?" என்றார். யாரிடமும் பதில் இல்லை.

லண்டன் டாக்ஸி டிரைவர்களைப் பற்றி நான் படித்ததை எடுத்து விட்டேன். லைசென்ஸ் வாங்க அங்கே சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 2000-ல் அவர்கள் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த விஞ்ஞானிகள், வழிகளை நினைவு வைக்கும் மூளைப் பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். பெருமையாகச் சொல்லி முடித்தேன்.

"எங்களுக்கு மூளையெல்லாம் போன்லதான் சார்" என்றார் செய்யாறு. "முந்தாநாள் மேப் அம்மா என்னை லெஃப்ட்ல திரும்பச் சொல்லிச்சு. திரும்பினா சுவரு. சுவத்துக்கு அந்தாண்ட பள்ளிக்கரணை ஏரி."

2020 நவம்பரில் மத்திய அரசு ஒரு வழிகாட்டு விதி கொண்டு வந்தது. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் டிரைவர் ஆப்பில் இருக்கக் கூடாது, அப்புறம் 10 மணி நேரம் கட்டாய ஓய்வு. இதையும் சொன்னேன். நாலு பேரும் சேர்ந்து தங்கள் போன்களைத் திருப்பிக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று ஆப். ஒன்று 'போதும், தூங்கு' என்றால் அடுத்தது 'வா' என்கிறது.

அண்ணன் திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டான். அடுத்த சவாரி தி.நகர். அங்கேதான் வம்பு.

பனகல் பார்க் பக்கத்தில் ஒரு கணவன் மனைவி, கையில் ஜவுளிக்கடைப் பை. அந்த அம்மாள் ஏறியதிலிருந்து போனில் தன் அக்காவோடு. "இருபத்தெட்டாயிரம்க்கா. அசல் கோர்வைப் பட்டு. கடைக்காரரே சொன்னார்..." புடவையைப் பிரித்து மடியில் போட்டுத் தடவிக்கொண்டே வந்தார். சிவப்பு உடம்பு, பச்சைக் கரை. அண்ணன் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தான். சிக்னலில் நின்றபோது திரும்பி நேராகவே பார்த்தான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன். பிரயோஜனமில்லை.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அது கோர்வை இல்ல."

வண்டிக்குள் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

"என்னது?" என்றார் கணவர்.

"கோர்வைன்னா கரைக்குத் தனி ஊடை ஓடும் சார். இதுல உடம்புல ஓடற சிவப்பு ஊடையேதான் கரையிலயும் ஓடியிருக்கு. உள்பக்கம் திருப்பிப் பாருங்க. பச்சை மங்கித் தெரியுதா? சேர்ற இடத்துல கோர்த்த கோடும் இல்ல."

திருப்பிப் பார்த்தார்கள். கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அண்ணனைப் பார்த்தார். "உனக்கெப்படிப்பா தெரியும்?"

"தெரியும் மேடம்."

அவ்வளவுதான் சொன்னான். மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் வரை யாரும் பேசவில்லை. இறங்கும்போது அந்த அம்மாள் குனிந்து, "இப்ப என்ன பண்றது?" என்று அவனையே கேட்டார். "நல்ல பட்டுதான் மேடம், தைரியமா கட்டுங்க. கோர்வைன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான்.

ஒரு ஸ்டார். 4.71 என்பது 4.70 ஆயிற்று.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா?" என்றேன்.

"கண்ணு போயிடுதுடா. நான் என்ன பண்ணட்டும்?"

அப்போதுதான் கவனித்தேன். அவன் வலது கை விரல் நுனிகளில் மெல்லிசாய்க் கோடு கோடாக வெட்டுக் காயம். கேட்டதற்கு, "கேஸ் மூடி கிழிச்சுடுச்சு" என்றான். கேஸ் மூடி அப்படி வரிவரியாகக் கிழிக்குமா என்று தோன்றியது. கணக்கில் சேராத விஷயம் என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பூந்தமல்லி டீக்கடையில் ஆப்பை அணைத்தான். பதினாலு மணி நேரம், ஒன்பது சவாரி. நான் நோட்டை விரித்தேன்.

வசூல் 3,120. கமிஷன் இத்யாதி 640. கேஸ் 720. சாப்பாடு, டீ, கட்டணக் கழிப்பறை 210. பார்க்கிங், சுங்கம் 60. கையில் நின்றது 1,490.

"பாத்தியா, மோசமில்ல" என்றான் அண்ணன்.

"இரு, இன்னும் முடியல." இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர் எல்லாவற்றுக்கும் நாளைக்கு 200 ஒதுக்க வேண்டும். வட்டி நாளொன்றுக்கு 211. அடுத்து தேய்மானம். வாடகைக்கு ஓடும் காருக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30 சதவீதம். சொந்தக் காருக்கெல்லாம் அதில் பாதிதான். 7,60,000-க்கு 30 சதவீதம் 2,28,000. மாதம் இருபத்தாறு நாள் ஓட்டினால் நாளைக்கு 731.

"தேய்மானம்னா?"

"வண்டி கிழடாகுதுல்ல, அதுக்கு."

"நான் கிழடாகறதுக்கு எவ்ளோ?"

அதற்கு பி.காமில் பாடம் இல்லை. மீதி 348 ரூபாய். பதினாலால் வகுத்தேன். மணிக்கு 25 ரூபாய் சொச்சம் குறைவு. 2013-ல் சென்னை ஆட்டோவுக்கு அரசாங்கம் மீட்டர் கட்டணம் போட்டபோது முதல் 1.8 கிலோமீட்டருக்கே 25 ரூபாய் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் அது.

அண்ணன் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டு ஆடிட்டர் கேட்க வேண்டிய கேள்விக்கு வந்தேன். "தேய்மானத்தை விடு, அது காகிதக் கணக்கு. கையில வர்றது நாளைக்கு 1,490. மாசத்துக்கு 38,740. தவணை 14,200, மத்த ஒதுக்கீடு 5,200 போக 19,340 நிக்கணும். தாராளமா கட்டியிருக்கலாமே. ரெண்டு தவணை, 28,400 ரூபா எங்க?"

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சுல்ல நீ? வா, ஊருக்குப் போயிட்டு வரலாம்."

'குடித்துவிட்டானா? சீட்டாட்டமா?' என்று வழியெல்லாம் எனக்கு யோசனை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு எங்களை முந்திப் போயின. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. அதிலிருந்து இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. எங்கள் சுற்றுவட்டார ஊர்களுக்கும் விடியற்காலையில் அந்த பஸ்கள் வந்து நிற்கின்றன. அண்ணன் ஒரு பஸ்ஸைக் காட்டி, "அதுலதான் போறாங்க அவங்களும்" என்றான். யார் என்று கேட்டேன். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முசரவாக்கத்தில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் விளக்கு எரிந்தது. பெரியம்மா எனக்கு இட்லி வைத்தார்கள். பெரியப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நான் ஒன்றும் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

"அண்ணன் சொன்னானா? எனக்கு நாடா தள்ளிக்கிட்டிருந்த எதுத்த வீட்டுப் பொண்ணு கம்பெனி வேலைக்குப் போயிடுச்சு. நல்லா இருக்கட்டும், மாசச் சம்பளம். ஆனா தறியில பாதிப் புடவை நிக்குது. கல்யாண ஆர்டரு. பட்டும் ஜரிகையும் முதலாளியோடது. நான் முன்பணம் வாங்கித் தின்னாச்சு. ஒத்தை ஆளா கோர்வை போட முடியுமா? கண்ணு வேற தெரியல. இவன்தான் வந்து வண்டியைப் புளியமரத்தடியில நிறுத்திட்டு, பதினெட்டு நாள் உக்காந்தான். இல்லன்னா மானம் போயிருக்கும்."

அண்ணன் தட்டோடு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். தெருவுக்கே கேட்கும்படி சபதம் போட்டவன். பதினெட்டு நாளும் அந்தத் தெருவுக்கே நாடா சத்தம் கேட்டிருக்கும்.

எனக்குக் கை தானாக நோட்டுக்குப் போனது. பதினெட்டு நாள், நாளைக்கு 1,490. 26,820 ரூபாய். இரண்டு தவணை 28,400. இடிப்பது 1,580.

"புடவைக்குக் கூலி?" என்றேன்.

"முன்பணத்துல கழிச்சுட்டாங்க" என்றார் பெரியப்பா.

"இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு எங்கயாவது செலவாச்சா பெரியம்மா?"

"உங்க பெரியப்பாவைக் கண்ணு டாக்டர்கிட்ட அழைச்சுக்கிட்டுப் போனானே, அன்னிக்குக் குடுத்தான்."

பாக்கி 80 ரூபாய். பதினெட்டு நாளுக்கு டீ. டேலி ஆகிவிட்டது. காலேஜில் மூன்று வருஷத்தில் ஒரு பேலன்ஸ் ஷீட்கூட எனக்கு முதல் தடவையிலேயே டேலி ஆனதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ராத்திரி திண்ணையில் படுத்துக்கொண்டே ஒரு தவணையை நான் போனில் கட்டினேன். (என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.) இன்னொன்றை இரண்டு மாதத்தில் சரிக்கட்டுவதாக அண்ணன் ஒப்புக்கொண்டான்.

விடிகாலை நாலு மணிக்கு அவன் கண்ணாடி துடைக்கும் சத்தத்தில் எழுந்தேன். உள்ளே பெரியப்பா அதற்கு முன்பே எழுந்து விளக்கைப் போட்டிருந்தார். தறியில் புதிதாய்ப் பாவு ஏற்றியிருந்தது. மயில் கழுத்துக் கலர். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா கண்ணாடியை உயர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இப்போ எந்த ஆபீஸ்ல இருக்க?"

"ஆபீஸ் இல்ல பெரியப்பா. வீட்டுல இருந்தே பத்திரிகைக்கு எழுதறேன்."

"அப்போ சும்மாத்தான் இருக்கேன்னு சொல்லு" என்றார் மிகுந்த நிம்மதியோடு. பக்கத்தில் இருந்த பலகையைத் துடைத்தார். "உக்காரு. அந்த மூணாவது நாடாவை எடு பாப்போம்."

வெளியே அண்ணன் இரண்டு தரம் ஹாரன் அடித்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டான்.